சோதனை இழை

போரா காற்று இன்று நூறைத் தாண்டும் என்று
காலையிலேயே துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள்.
தெருவோரம் கட்டிய கயிற்றைப் பிடித்துப் பிடித்து
ஒந்தினா வந்து சேர்ந்தாள்,
கழுத்துச் சால்வை ஒரு கையில்,
வேரில் இரண்டு விரல் வெள்ளை,
அதற்குக் கீழே தோள்வரை
மைக்கூட்டைக் கவிழ்த்தது போல் கறுப்பு.

"சனிக்கிழமை படகோட்டிகள் சங்கத்தில் நடனம், நெவியா.
அதற்குள் மொத்தமும் வெள்ளியாக்கிவிடு."

பத்தொன்பது வருடமாக இந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறேன்.
சனிக்கிழமை என்ற சொல்லைக் கேட்டாலே
என் கத்தரி தானாக மூடிக்கொள்ளும்.

கறுப்பிலிருந்து வெள்ளிக்கு
ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும்.
துருச் சிவப்பு, செம்பு, ஆரஞ்சு,
முட்டைக் கருவின் மஞ்சள்,
வாழைப்பழத் தோலின் உட்புறம்.
அங்கே நின்றுவிட வேண்டும்.
ஒரு படி கூடினால்
நிறம் இருக்கும், முடி இருக்காது.

வெளுக்கும் பொடி உள்ளே போவதற்குக்
கதவைத்தான் உடைக்கிறது.
எத்தனை யூரோ களிம்பானாலும்
அந்தக் கதவைச் சாத்தி வைக்குமே தவிர
புதிதாக மாட்டாது.
இதைச் சொன்னால்
கண்ணாடிக்குள் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

இதுவரை என்னென்ன பூசினாய் என்று கேட்டேன்.
"கடையில் விற்கிற பெட்டிச் சாயம். வேறொன்றுமில்லை."
மருத்துவரிடம் சிகரெட் கணக்குச் சொல்வது போல
என்னிடமும் பாதிதான் வரும்.

காதுக்குப் பின்னால், யாரும் தேடாத இடத்தில்
தீக்குச்சித் தடிமனுக்கு ஒரு கொத்து வெட்டி,
கண்ணாடிக் கிண்ணத்தில் பெராக்சைடு ஊற்றி,
அம்மோனியா சில துளி விட்டு,
அரை மணிக்குக் கடிகாரத்தைத் திருகினேன்.
அவள் சின்னக் கண்ணாடிக் குவளையில் காப்பி குடித்தபடி
நடனத்துக்குத் துஷான் வருவானா மாட்டானா என்று
எனக்குத் தெரிந்தது போல என்னிடமே கேட்டாள்.

மூன்றாம் நிமிடம் கிண்ணம் நுரைத்தது.
தொட்டேன். சுட்டது.
நுனியில் நான்கு விரல் நீளம் மட்டும்
அடுப்பில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது.
இதையே தாளில் மடித்து
அவள் தலையில் வைத்திருந்தால்?

"ஒந்தினா, இதில் உலோகம் இருக்கிறது."

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் எழுதும்.
விரலால் அளந்து பின்னோக்கி எண்ணினேன்:
இரண்டு வருடம், கூடக் குறையச் சில வாரம்.

குவளையைக் கீழே வைத்தாள்.
"லிவியோவின் பாட்டில்.
நரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மறைக்குமே, அந்தத் தண்ணீர்.
அவன் இறந்தபோது பாதி மிச்சம் இருந்தது.
காசு கொடுத்து வாங்கியது,
கொட்ட மனசு வரவில்லை."

வெளியே யாருடைய குடையோ
தெருவை உருண்டு கடந்தது.

வெட்டலாம், நான்கு விரல்தான் என்றேன்.
வேண்டாமென்றால் இப்படியே விடலாம்,
ஆனால் இதன்மேல் பொடி படக் கூடாது.

நுனியை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தாள்.
முகர்ந்தும் பார்த்தாள்.
அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.
"மகா கஞ்சன். செத்தும் என் தலையை விடவில்லை பார்.
வெட்டு."

வெட்டினேன்.
நெற்றியோரம் மட்டும் மெல்லிய இழைகளாகப் பிரித்து,
வீரியம் குறைந்த கலவையில்,
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாளைத் திறந்து திறந்து பார்த்து
செம்பைத் தாண்டியதும் கழுவிவிட்டேன்.
மிச்சம் இன்னும் நான்கு தடவை, ஆறாறு வாரம் விட்டு.
"சனிக்கிழமை கானாங்கெளுத்தி போல
வரிவரியாகத்தான் இருப்பாய்," என்றேன்.
"படகோட்டிகளுக்கு மீன் பிடிக்கும்," என்றாள்.

வெந்நீர் வேண்டாம், சூட்டுக்கோல் வேண்டாம்,
ஈரத்தலையோடு படுக்காதே என்று
நான் சொன்னதில் பாதியைக் காற்று வாங்கிக்கொண்டது.
கயிற்றைப் பிடித்தபடி போய்விட்டாள்.

தரையைக் கூட்டிவிட்டு
அவளுடைய அட்டையை எடுத்தேன்.
பழைய ரசாயனம்: உலோகச் சாயம், அரை பாட்டில்.
யாருடையது என்று எழுத
அட்டையில் கட்டம் இல்லை.