சின்னப் புள்ளிதான்

"ஒண்ணியும் ஆவலமே, சின்னப் புள்ளிதான்"
என்றார் மாசிலாமணி.
காசிமேட்டு ஐஸ் ஷெட்டுக்குப் பின்னால்
கவிழ்ந்து கிடந்தது அவர் ஃபைபர் போட்.
துறைமுக வாயில் விடியக்காலை அலை
கல்லில் ஒரே ஒருமுறை மோதவிட்டதாம்.
நீலப் பெயின்டில் மிளகளவு பள்ளம்,
குனிந்தால்தான் தெரிந்தது.

ஐந்து ரூபாய்க் காசை எடுத்து
அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன்.
டண், டண்,
ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு நடுவே
டண், டண், டண்,
புள்ளிக்கு ஒரு சாண் முன்னாலேயே
டொப்.
"இன்னொருக்கா தட்டு" என்றார்.
டொப்.

சத்தம் செத்த இடமெல்லாம் சாக்பீஸில் குறித்தேன்.
முடிந்தபோது ஒரு தோசைக்கல் அகலம்.
கிரைண்டர் வைத்து அறுத்த துண்டில்
கண்ணாடி நூல் பாய்கள்
நனைந்த அட்டைபோல் ஒன்றையொன்று விட்டிருந்தன.
நூல் ஒன்றுகூட அறவில்லை.
பிடி விட்டிருந்தது, அவ்வளவுதான்.

மணலியில் ஒரு சோதனைக்கூடத்தில்
ஆறு வருஷம் எடை விழவைத்து விழவைத்துப் பார்த்தவள் நான்.
இரும்பு மூக்கு, ஒரு மீட்டர் உயரம், கீழே பலகை.
வெறும் எபாக்ஸியில் விரிசல்
ராத்திரி எண்ணூர் ஹைரோட்டு பைக் மாதிரி
சட்டென்று ஓடிவிடும்.
நானோ சிலிக்கா கலந்த பலகையில்
மணிக்கு மணி முட்டித் திரும்பி
வண்ணாரப்பேட்டையில் தீபாவளிக்கு முந்தின நாள்
ஜவுளி வாங்கப்போனவன்போல்
மூச்சு வாங்கி நின்றுவிடும்.
உள்ளங்கை அகலச் சேதம்
பழைய எட்டணா அளவுக்குச் சுருங்கியதை
நானே ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன்.

"அப்போ நெறிய போடுமே. துட்டு நான் தர்றேன்."

நிறையவும் போட்டுப் பார்த்தாயிற்று.
நூற்றுக்கு இரண்டு கிராம்வரை சொன்ன பேச்சு கேட்கும்.
எட்டுப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டி
உப்புமாவில் கட்டி விழுந்ததுபோல் ஆகும்.
அடுத்த விரிசல் பிறப்பதே
அந்தக் கட்டியில்தான்.

மோதின அன்று போட்டில் இருந்தவன் தேசப்பன்.
மீன் பெட்டிமேல் உட்கார்ந்து
டீ கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தான்.
நெற்றியில் ஒரு சிராய்ப்பு.
"அவனுக்கும் ஒண்ணியும் ஆவல" என்றார் மாசிலாமணி,
நான் கேட்காமலேயே.
ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தது.
டீ முழுக்க அவன் லுங்கியில்.
சிரித்தான். சூடு என்றான்.
அந்த டீ ஆறி அரைமணி இருக்கும்.

காசு இன்னும் என் விரலிடுக்கில் இருந்தது.
பையில் போட்டுக்கொண்டேன்.

தராசில் பொடியை நிறுத்தேன்,
மூச்சுக்குப் பறக்கும் என்பதால் வாயைக் கட்டிக்கொண்டு.
டிரில்லில் துடுப்பு மாட்டி
"தேசப்பா, பக்கெட்டைப் பிடி" என்றேன்.
வந்து பிடித்தான். கை நடுங்கியது,
மெஷின் நடுக்கமென்று வைத்துக்கொண்டோம் இருவரும்.
ஒரு மணி நேரம் கலக்கவேண்டும்.
அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான்,
சத்தத்தில் கேட்கவில்லை,
மெஷினை நிறுத்தினேன்.

ஹார்டனர் ஊற்றிவிட்டால் நேரம் கம்மி.
இன்னும் ஊற்றவில்லை.