பதம்

கிரிம்ஸ்பி. மீன்சந்தைக்குப் பின்தெரு.
மதுக்கடை வாசலில் ஒரு கரும்பலகை.
நெவில் ஸ்கெல்டன்
மண்டியிட்டு எழுதி முடித்திருக்கிறான்:
புகையூட்டிய ஹேடக் சூப்,
உங்கள் பசியை 'வெட்' செய்ய,
நாலரை பவுண்டு.

ஏப்ரனில் கை துடைத்தபடி வந்து
படிக்கிறாள் ஊனா இஸ்பிஸ்டர்,
ஆர்க்னித் தீவுக்காரி.
"பசியை நனைக்கப் போகிறாயா நெவில்?
காயப்போடக் கொடி கட்டட்டுமா?"

"வெட் தானே?"
"வெட் இல்லை.
ஹ்வெட்."

மெழுகுவர்த்தி அணைப்பதுபோல்
உதடு குவித்து ஓர் ஊதல்,
அதன் பின்னால்தான் சொல் வருகிறது.
அவன் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன.
இந்தக் கரையில் அந்த மூச்சை
எப்போதோ விட்டுவிட்டார்கள்.
எழுத்தில் மட்டும் நிற்கிறது எச்,
ஆலை மூடியது தெரியாத
காவலாளி மாதிரி.

"கத்திக்குச் செய்வது.
பசிக்கும் செய்யலாம், ஆசைக்கும்.
சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கிற
ஒரு மிடறுக்கும் அதே பேர், ஒரு காலத்தில்."
"மிடறு ஈரம்தானே?"
அவள் பதில் சொல்லாமல் உள்ளே போகிறாள்.

சாணைக்கல்லைத் தொட்டி நீரில் போடுகிறாள்.
கல்
குமிழி குமிழியாய் மூச்சு விடுகிறது.

கதவோரம் நின்று பார்த்துவிட்டான் நெவில்.
"நனைக்கிறாய்!"
"நனைக்காவிட்டால் கல் கடிக்கும்."
"அப்படியானால் என் பலகை…"
"உன் பலகை தப்பு."

சர்ர், சர்ர்.
சாம்பல் நிறச் சேறு கல்லில் கசிகிறது.
கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பதம் பார்க்கிறாள்.
பலகையின் பதத்தை முன்பே பார்த்தாயிற்று.
ஹேடக்கின் முதுகெலும்பை ஒட்டி
சத்தமே இல்லாமல் இறங்குகிறது கத்தி.

வெளியே போய்
இரண்டு எழுத்துக்கு நடுவே
இடமில்லாத இடத்தில்
ஓர் எச்சைச் செருகுகிறான் நெவில்.
ஒல்லியான எச். ஒரு கால் வளைந்திருக்கிறது.

பதினொன்றரைக்கு மழை.
கடலிலிருந்து வரும் சாய்ந்த மழை.
புதிதாய் எழுதியது முதலில் கரைகிறது.

ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
தொப்பி சொட்டச் சொட்ட வந்து நிற்கிறான் ஒருவன்.
பலகையைப் படிக்கிறான்.
அடுப்பிலிருந்து புகைமீன் வாசனை.
தொண்டை ஏறி இறங்குகிறது.

ஜன்னலுக்குள்ளிருந்து
ஊனாவைப் பார்க்கிறான் நெவில்.
"சும்மா இரு" என்கிறாள்,
அவன் ஒன்றும் சொல்வதற்கு முன்பே.