சாப்பிட்ட பின், இரண்டு மணி

அத்தோ தின்று ஒன்றேமுக்கால் மணி நேரத்தில்
நாலு வண்டி நீளம்தான் நகர்ந்திருக்கிறான் தேசிங்கு.
"லேபுக்கு நான் வந்தா வண்டிய யாருக்கா பாக்குறது?"
போனை வைத்துவிட்டு
ஊசிப் பையோடு நானே ஏறினேன்,
எண்ணூர் சாலையில் நிற்கும் டிரெய்லரின் மூன்று படி.

ரப்பரைக் கட்டி
முழங்கை மடிப்பைத் தட்டுகிறேன்.
உள்ளே இந்நேரம்
மாவும் முட்டையும் பேர் இழந்து
குடல் சுவரைத் தாண்டி வந்திருக்கும்.
நேரே நெஞ்சுக்குப் போக விடமாட்டார்கள்.
கல்லீரல் கேட்டில் நின்று
சரக்கைக் காட்டி
கொஞ்சத்தை இறக்கிவிட்டுத்தான் போகணும்.

ட்யூபில் ஏறுகிறது, நாவல்பழ நிறம்.
"இன்னாக்கா இவ்ளோ கறுப்பா?"
மூச்சை எங்கெங்கோ இறக்கிவிட்டு
கரியை ஏற்றிக்கொண்டு திரும்புகிற ரத்தம்ப்பா.
காலி டிரிப்பே கிடையாது அதுக்கு.

சிரித்தான்.
காலியாய்த் திரும்பினால்
டீசல் காசுகூடத் தேறாது அவனுக்கு.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
ஏற்ற இன்னும் கொஞ்சம் இடம் வேண்டுமென்று
சிவப்பணு
தன் உட்கருவையே வெளியே எறிந்துவிட்டு ஓடுகிறது,
நூற்றிருபது நாள்.
சீட்டுக்குப் பின்னால் ஒரு தலையணை, ஒரு லுங்கி,
பாதி பிஸ்கட் பாக்கெட்.
வீட்டுக்குப் போய் பதினோரு நாளாம்.

மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பியது.
இருமினோம், இரண்டு பேரும்.
புகையென்றாலும் கேள்வி கேட்காது அது,
ஏற்றிக்கொள்ளும்.
இறக்கத்தான் லேசில் மனசு வராது.

பின்னால் ஹாரன்.
பஞ்சை இடுக்கிய கையை விரிக்காமலே
வண்டியை எடுத்தான்.
நானும் இரண்டடி போனேன்,
லேபிளில் நேரம் எழுதிக்கொண்டு.