இரண்டு கையெழுத்து

காசோலையில் இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும்
என்று எழுதச் சொன்னது நான்தான்.
சார்ஜன்ட் அவெனியூவில் வக்கீலின் மேசைக்கு முன்னால்
குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே இருந்தோம்.
அவர் கேட்டார்:
ஒருவர் செத்தால்?
ஒருவர் விலகினால்?
இருவருக்கும் ஒத்துவராவிட்டால்?

தவமலர் சிரித்துவிட்டாள்.
ஒன்பது வருசம் ஒரே ஹோட்டலில்
ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று
விரிப்பு மாற்றினவர்கள் நாங்கள்.
அவள் இழுப்பது என் கைக்குத் தெரியும்.

வக்கீல் சிரிக்கவில்லை.
மூன்றாவது ஆளின் பெயர் ஒன்று தாருங்கள் என்றார்.
எங்களுக்குத் தெரிந்தவர் எல்லாரும்
அவளுக்கோ எனக்கோ சொந்தம்.
யோசித்து யோசித்துக் கடைசியில் எழுதினோம்:
ரொடெல் பங்கிலினன், மெஷின் திருத்துகிறவர்.

பதினான்கு வாஷர், பத்து ட்ரையர்,
விண்ணிபெக்கில் ஒரு சலவைக்கடை.
காலை ஆறுக்கு அவள் திறப்பாள்.
இரவு பத்துக்கு நான் பூட்டுவேன்.
நடுவில் ஒரு கொப்பி.

"நாலாம் நம்பர் ஒழுகுது."
"கண்டனான். வாளி வைச்சிருக்கிறன்."
"சில்லறை மெஷின் இருபது டொலரைத் துப்புது."
"தாள் கசங்கினால் துப்பும். மகளுக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ?"

முகம் பார்க்காத நாட்களிலும்
அப்படித்தான் கடை நடந்தது.

பிறகு அந்த மாசி.
மைனஸ் முப்பத்தெட்டு.
எரிவாயு பில்லைப் பிரிக்கவே கை பயந்தது.
ஆறாம் ட்ரையர் ஓடிய கணக்கும்
பெட்டியில் விழுந்த காசும்
பொருந்தவில்லை.
எண்ணினேன்.
மறுநாளும் எண்ணினேன்.
பதினொரு இரவு,
கதவைப் பூட்டிவிட்டு,
விளக்கைப் பாதி அணைத்துவிட்டு,
ஒரு வார்த்தை கேட்காமல்
எண்ணிக்கொண்டே இருந்தேன்.
இதைச் சொல்ல எனக்கு வெட்கம்:
அவள் எடுத்திருப்பாள் என்று நம்பியதைவிட
அந்த எண்ணுதல் எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

பன்னிரண்டாம் இரவு கொப்பியில் எழுதினேன்:
"ஆறாம் நம்பர். ஒன்பது தரம். காசு?"

பதில் இல்லை.
அடுத்த நாளும் வெறும் கோடு.
வாடகைக்குச் சண்டை விளங்காது;
காசோலையில் நான் கையெழுத்து வைத்துவிட்டுப் போனேன்.
பக்கத்தில் அவள் கையெழுத்து,
பேனை தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி.

ரொடெலைக் கூப்பிட்டேன்.
ஆறாம் நம்பரின் முன்னால் குந்தி இருந்து
காது வைத்துக் கேட்டார்.
"மெஷினில் பிழையில்லை.
திருத்துகிற சாவியால் ஓட்டியிருக்கு, காசு போடாமல்."
சாமான் பெட்டியை மூடினார்.
"நாளைக்கு ஐந்தரைக்கு வந்து பார்.
இதற்கு நான் பில் போட மாட்டேன்."

போனேன்.
வாங்கில் மூன்று பேர், வெறுங்காலோடு.
பஸ் தரிப்பிடத்தில் இரவைக் கழித்தவர்கள்.
ட்ரையருக்குள் சுற்றிக்கொண்டிருந்தன
அவர்களுடைய காலுறைகள், கையுறைகள், ஒரு போர்வை.
தவமலர் கல்லாவில் நின்று
பணிஸைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தால் வேண்டாம் எண்டிருப்பாய்."
"ஓம்" என்றேன்.
"நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."
அதற்கு என்னிடம் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.

அன்று பகல் முழுக்கக் கதைத்தோம்.
கதைத்தோம் என்பது மரியாதைக்கு.
கடைசியில் ஒரு கணக்குக்கு வந்தோம்:
மைனஸ் இருபத்தைந்துக்குக் கீழே போனால்
ஏழு மணி வரை ஒரு ட்ரையர்,
செலவு இருவர் பங்கிலும் பாதி பாதி,
கொப்பியில் தனித் தலைப்பு.
தர்மம் என்று எழுதப் போனேன்.
பேனையைப் பறித்தாள்.
"நாங்கள் என்ன கோயிலோ நடத்துறம்?"
குளிர் என்று எழுதினாள்.

ஒவ்வொரு சித்திரையும் கணக்காளர் கேட்பார்,
குளிர் என்றால் என்ன செலவு என்று.
நான் அவளைப் பார்ப்பேன்.
அவள் என்னைப் பார்ப்பாள்.

இப்போது சந்தேகம் வந்தால்
அன்றைக்கே எழுதிவிடுகிறேன், கேள்விக்குறியோடு.
சில நேரம் திட்டு வரும்.
வெறும் கோடு வருவதில்லை.

நாலாம் நம்பர் இன்னமும் ஒழுகுது.
அந்த வாளியை யார் காசில் வாங்கினது என்பதில்
எங்களுக்கு இன்றுவரை ஒத்துவரவில்லை.