சடவு

எட்டு மாசமாய் ஒரே சொல்லை வைத்துச் சமாளித்தேன்.
சடவு.
ஏன் முகம் மழிக்கலை? சடவா இருக்கு.
ஏன் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்கு வரலை? சடவு.
மதுரையில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை,
ஒரு டீ சொல்வார்கள்.

பெரியாஸ்பத்திரிக்கு எதிரே
பதினோரு வருசமாய் மருந்தெடுத்துக் கொடுக்கிற கை இது.
இந்த மாத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும்:
இடப்பக்கம், மூன்றாவது தட்டு,
தைராய்டுக்குப் பக்கத்தில்.
ஆனாலும் என் சீட்டோடு பஸ் ஏறித்
திருநகர் போய்
முன்பின் தெரியாத கடையில் வாங்கினேன்.
அந்தப் பெண் அட்டையைக் கத்தரித்துக்
காக்கிக் கவரில் போட்டு
"சாப்ட்டு ஒண்ணு" என்றாள்.
நானும் அவ்வளவுதான் சொல்வேன், எல்லோருக்கும்.

முதல் வாரம் அரை மாத்திரை.
கத்தி வைத்ததும் ஒரு பாதி தெறித்து
கேஸ் சிலிண்டருக்கு அடியில் உருண்டது.
சிலிண்டரைச் சாய்த்துப் பிடித்துத் தேடுகையில்
பாண்டிச்செல்வி வந்து நின்றாள்.
"என்னத்தத் தேடுறீங்க?"
அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.
வேறெப்படியும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டாம் நாள் இட்லி தொண்டையில் நின்றது.
நான்காம் நாளிலிருந்து கொட்டாவி,
தூக்கமே இல்லாத வெறுங்கொட்டாவி.
கடைக்கு வந்தவரெல்லாம்
பாக்கிச் சில்லறையோடு அதையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.
நாக்கு, ஏ.வி. பாலத்துக்குக் கீழே சித்திரைக்கு முந்தின வைகை.
ராத்திரி ரெண்டு மணிக்கு
எவனோ நெஞ்சுக்குள் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு
இன்ஜினை அணைக்காமல் போயிருந்தான்.
ஆறாம் நாள்
அட்டையைக் குப்பைக் கூடைக்கு மேல் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.

டாக்டர் ரெஜினா முன்னமே சொல்லியிருந்தார்.
மொதல்ல கொஞ்சம் கூடும், அப்புறந்தான் குறையும்.
ரெண்டு வாரம், மூணு வாரம், சிலருக்கு ஆறுகூட ஆகும்.
தப்பான நெனப்பு வந்தா
விடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க. கூப்பிடுங்க.
தப்பான நெனப்பு என்பதைக் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்,
காய்ச்சல் என்பது போல.
அந்த ஒன்றுக்காக ஏழாம் நாளும் விழுங்கினேன்.

குணம் என்றால்
மேளம் வாணத்தோடு தெருவுக்குள் வரும்
என்று நினைத்திருப்பேன் போல.
இருபத்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை,
கத்தரிக்காய் வெஞ்சனத்தில் உப்பு இல்லை.
"உப்பு இல்லையே" என்றேன்.
பாண்டிச்செல்வி கரண்டியோடு அப்படியே நின்றாள்.
எட்டு மாசத்தில் நான் சொன்ன முதல் குறை.
"இல்லேன்னா போட்டுக்கிறது" என்று
அடுப்புப் பக்கம் திரும்பி
மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் மறுபடி சடவுதான். பொய் சொல்ல மாட்டேன்.
உள்ளங்கை வியர்க்கிறது.
படுக்கையில் வேறொரு சங்கடமும் உண்டு,
அதை இந்த மாசம் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்,
போன மாசமும் இப்படித்தான் நினைத்தேன்.

நேற்றுச் சாயங்காலம் ஒருவர்,
காக்கிப் பேண்ட்டுக்கு மேல் டீ சர்ட்.
எழுத்து உள்ளே போகும்படி மடித்த சீட்டு.
கை தானாக மூன்றாவது தட்டுக்குப் போனது.
"சாப்ட்டு ஒண்..." என்று தொடங்கிய வாய் நின்றது.
ஏட்டய்யா, மொதப் பத்து நாள் கொஞ்சம் படுத்தும்.
வயித்தைப் பெரட்டும், தூக்கம் அங்கிட்டு இங்கிட்டுப் போகும்.
விட்டுறாதீங்க.
சரியாயிருச்சுன்னு நீங்களா நிப்பாட்டவும் செய்யாதீங்க,
டாக்டரைக் கேட்டு மெல்ல மெல்லத்தான் குறைக்கணும்.

அவர் ரெண்டு பக்கமும் பார்த்தார்.
"சரக்கு?"
"வேணாம்ணே."
"ம்."

ரெண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்,
இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும் என்று
கேட்கப் போகிறவர் போல.
எனக்கு அப்போது பார்த்துக் கொட்டாவி வந்தது,
தாடை கழல்கிற மாதிரி.
அவரும் ஒன்று விட்டார்.