யாரும் தொடாத விடை

என் வேலை தவறான விடைகள் எழுதுவது.
ஜுபைலில், பதினேழாம் எண் போர்ட்டாகேபினில்,
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்.

சரியான விடை முன்னமே இருக்கிறது,
கம்பெனி கையேட்டில், நான்காம் அத்தியாயத்தில்.
அதற்குத் துணையாக மூன்று பொய் வேண்டும்.
நம்பும்படி இருக்க வேண்டும்,
நீளத்தில் மெய்யோடு ஒத்துப்போக வேண்டும்.
பதினோராயிரம் எழுதிவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கும் பூர்வீகம் உண்டு.
முதல் போரில் கப்பல் கட்ட ஆள் போதவில்லை.
தையல்காரனையும் ரொட்டி சுடுகிறவனையும்
ரிவெட் அடிக்கவைக்க
யாரோ நான்கு படி வகுத்தார்:
தயார்செய், காட்டு, செய்யவிடு, சோதி.
அடுத்த போருக்குச் சினிமா வந்தது.
துப்பாக்கி துடைப்பது எப்படி என்று
இருட்டில் இருபது நிமிடம்.

பிறகு புறாக்கள்.
சரியாகக் கொத்தினால் ஒரு தானியம் என்று பழக்கியவர்கள்
வகுப்பறைக்கும் ஒரு பெட்டி செய்தார்கள்:
ஒரு வரி, ஒரு கோடிட்ட இடம், திருப்ப ஒரு குமிழ்.

'இப்பாடத்தின் முடிவில் உங்களால்' என்ற வாக்கியம்
அதற்குப் பின் வந்தது.
'புரிந்துகொள்ள முடியும்' என்று அதை முடிக்கக் கூடாது.
புரிவதை அளக்க முடியாதாம்.
'பட்டியலிட முடியும்' என்றால் சரி.

கடைசியில் நான் வந்தேன்.
'அடுத்து' பொத்தானை நாற்பது நொடி
சாம்பல் நிறத்தில் பூட்டிவைத்தேன்.
வரலாற்றில் என் பங்கு அது.
அந்த நாற்பது நொடியில்
பயிற்சி அறையில் ஒருவர் நகம் வெட்டுகிறார்.

கேள்வி 14.
தொட்டிக்குள் சக ஊழியர் மயங்கிக் கிடக்கிறார்.
வாயு எச்சரிக்கை ஒலிக்கிறது. என்ன செய்வீர்கள்?
அ. காற்று வரும் திசைக்கு விலகி, மீட்புக் குழுவை அழைப்பேன்.
ஆ. மேற்பார்வையாளர் வரும்வரை வேலையைத் தொடர்வேன்.
இ. உடனே உள்ளே இறங்கி அவரைத் தூக்குவேன்.
ஈ. எச்சரிக்கை மணியை அணைப்பேன்.

இரண்டு வருடம், ஆறாயிரத்து நானூறு பேர்.
'இ'யைத் தொட்டவர் ஒருவருமில்லை.
ரோடெல் அறிக்கையில் மஞ்சள் பூசி எழுதினார்:
இந்தப் பொய் யாரையும் ஏமாற்றவில்லை. மாற்றவும்.
ரமலான் முடியட்டும் என்று வைத்திருந்தேன்.

பெருநாளுக்கு மூன்று நாள் முன்பு
தில்பகதூர் இறங்கிய தொட்டிக்குள்
முத்திருளாண்டியும் இறங்கினார்.

முகமூடி இல்லை, கயிறு இல்லை.
கோப்பைத் திறந்தால் நூற்றுக்கு நூறு.
போன வருடமும் 'அ', இந்த வருடமும் 'அ'.

தில்பகதூர் சரக்குப் பிரிவில் காட்மாண்டு போனார்.
'பயிற்சியில் குறை உண்டா' என்றொரு கட்டம் இருக்கிறது,
விசாரணைப் படிவத்தின் ஐந்தாம் பக்கத்தில்.
அதை நிரப்ப என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

மூக்கில் குழாய். கேள்வியைப் படித்தேன்.
முடிப்பதற்குள் "அ" என்றார்.
"அதெல்லாம் தெரியும் மேடம்."
அப்புறம் ஏன் என்று நான் கேட்கவில்லை,
கேட்ட மாதிரிதான் நின்றிருக்கிறேன் போல.
ரொம்ப நேரம் இருமினார்.
"கேள்வியில சக ஊழியர்னுதான போட்டிருந்துச்சு.
தில்பகதூர்னு போடலையே."

கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

முகாமின் படுக்கைப் பட்டியல் எங்கள் கணினியில் உண்டு.
யார் எந்த அறை, மேல்கட்டில் யார், கீழ்க்கட்டில் யார்.
அதிலிருந்து பெயரை எடுத்து
கேள்வி 14-இல் பொருத்த
அரை மணி நேரம்கூட ஆகவில்லை.
ரோடெல் எட்டிப் பார்த்தார்.
"இப்படிக் கேட்கலாமா?" என்றார். தெரியவில்லை.

சோதித்துப் பார்க்க என் எண்ணையே போட்டேன்.

தொட்டிக்குள் ஜெஸிந்தா மயங்கிக் கிடக்கிறார்,
என்கிறது திரை.
இன்று காலை என் சார்ஜரை
கேட்காமல் எடுத்துப் போன ஜெஸிந்தா.

வெளியே புழுதிக் காற்று, தகரம் அடித்துக்கொள்கிறது.
'அடுத்து' சாம்பல் நிறத்தில் இருக்கிறது. முப்பத்தெட்டு. முப்பத்தேழு.
அம்புக்குறி 'இ'யின் மேல் நிற்கிறது.
'அ' இரண்டு விரற்கடை மேலே.