காரணம் எழுதும் இடம்

மனுவில் காரணத்துக்கென்று
ஒன்றரை வரி விட்டிருந்தார்கள்.
வக்கீல் பொண்ணு பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு
அடிக்கிறதுண்டுங்களா என்றது.
இல்லீங்.
குடி?
இல்லீங்.
வேற பொம்பளை?
ராய்ப்பூர்ப் பக்கம் இருந்திருக்கலாம், நான் கேட்டதில்லை.
அதுவும் இல்லீங்.

போர் வண்டிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள்.
ஆயுத பூசை முடிந்து வண்டி கிளம்பினால்
ஆடி மழைக்குத்தான் ஊர்.
முப்பத்தொன்பது வருசத்தைக் கூட்டிக் கழித்தால்
ஒன்றாய் இருந்தது பத்து தேறாது.
அந்தப் பத்தும்
ஒறம்பரைக்குக் கோழி அடிக்கிற மாதிரிதான் போனது.
மிச்சமெல்லாம் நான்:
இரண்டு எருமை, பால் சொசைட்டிக் கணக்கு,
ராத்திரி பதினொரு மணிக்குப் பொட்டுக்கடலையும் பேப்பரும்,
கட்டிலுக்கு நட்டநடுவில் தூக்கம்.

போன பங்குனியில் வண்டியை விற்றுவிட்டு
இனி ஊட்டோடதான் என்று வந்து உட்கார்ந்தார்.
அங்கே பதினெட்டு ஆளுக்கு முதலாளி.
இங்கே நான் ஒருத்தி.
உப்பு டப்பா இடம் மாறியது.
எருமையை விற்றதைச் சந்தையிலிருந்து வந்துதான் சொன்னார்.
ஒன்பது மணிக்கு லைட்டை அணை என்றார்.
அணைத்தேன்.
கட்டில் ஓரமாய் விழித்துக் கிடந்தேன்,
பக்கத்தில் கம்ப்ரசர் மாதிரி
மூச்சு ஏறி இறங்க.

ஓசூரிலிருந்து மகன் கூப்பிட்டான்:
இந்த வயசுலயா, ஊரு சிரிக்குமேம்மா.
சிரிக்கட்டும் சாமி.
இந்த வயசில்தான்
மீதி எவ்வளவு என்று விரல் விட்டு எண்ண முடிகிறது.

அவரும் மல்லுக்கு நிற்கவில்லை.
ஆயிரம் அடி போட்டுப் புகை மட்டும் வந்தால்
குழியை மூடிவிட்டு
அடுத்த காட்டுக்கு நகர்ந்து பழகியவர்.
கோர்ட் வேப்பமரத்தடியில் மட்டும் ஒரு தடவை கேட்டார்:
நான் என்ன பண்ணிப்போட்டேன் பாவாயி?
சொல்ல வாயெடுத்தேன்.
செரி, விடு, என்றார்.

இதுதானுங், என்று
வக்கீல் பொண்ணு பக்கம் திரும்பினேன்.
மனுவில் அதற்குள்
'கருத்து வேறுபாடு' என்று டைப் அடித்திருந்தது.

வையப்பமலைக்கு அந்த நேரத்தில் ஒரே டவுன் பஸ்.
நான் முன்னால், அவர் நாலு சீட் தள்ளிப் பின்னால்.
பழக்கத்தில் ரெண்டு என்று காசை நீட்டியிருக்கிறார்.
பொம்பளைகளுக்குக் காசில்லீங்களே,
ஒண்ணு போதும், என்றார் கண்டக்டர்.
இத்தனை வருசம் ஊரில் இல்லாத மனுசன்,
தெரிந்திருக்க நியாயமில்லை.
சில்லறையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
பார்த்தபடியே இருந்தார்.

என் சீட்டை
நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.